செம்புள்ளிக் குறிநோக்கி: எரிகிறதா என்பதோடு சோதனை முடியக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கிகளில் பொருத்தப்படும் 'ரெட் டாட் சைட்' எனப்படும் செம்புள்ளிக் குறிநோக்கிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இராணுவத்தின் ஆயுதப் பணிமனைகளில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தமிழ் இதழ்கள் அதிகம் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கருவி கண்ணுக்குத் தரும் வசதியைக் கட்டுரை சரியாகவே விளக்கியிருந்தது. ஆனால் அதன் உழைப்பைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், பேட்டரி பல்லாயிரம் மணி நேரம் தாங்கும், தண்ணீரில் மூழ்கினாலும் எரியும், கீழே விழுந்தாலும் உடையாது என்று தயாரிப்பாளர்களின் விளம்பரத்தாளில் காணும் மூன்று செய்திகளோடு நின்றுவிட்டது. ஆயுதத்தைக் கையில் ஏந்துபவருக்கும், அவரை நம்பியிருப்பவருக்கும், எதிர்ப்பக்கத்தில் தற்செயலாக நிற்கும் அப்பாவிக்கும் இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நேற்றுப் புள்ளி காட்டிய இடத்தில்தான் இன்றும் குண்டு போய்ச் சேருமா என்பதே அது. அந்தக் கேள்வி விடுபட்டுப்போனதால் இதை எழுதுகிறேன்.

பலர் நினைப்பதுபோல இந்தக் கருவி இலக்கின் மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவதில்லை. உள்ளே இருக்கும் மிகச் சிறிய எல்இடி விளக்கு, முன்கண்ணாடியின் உட்புறத்தை நோக்கி ஒளி வீசுகிறது. அந்தக் கண்ணாடி சற்றே குழிந்தது. சிவப்பின் ஒரு குறுகிய பட்டையை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும் பூச்சு அதன் மேல் இருக்கும். விளக்கு அதன் குவியத்தில் இருப்பதால், திரும்பி வரும் ஒளிக்கதிர்கள் இணையாகி, புள்ளி வெகுதொலைவில் தொங்குவதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய முறையில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்றும் மூன்று தொலைவில் இருப்பதால் கண் ஒன்றைத் தெளிவாகப் பார்க்கும்போது மற்ற இரண்டும் மங்கும். இதில் இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேலேயே இருக்கும். நாற்பது வயதைக் கடந்து அருகிலுள்ளதைப் பார்க்கத் தடுமாறும் காவலருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அறிவேன். ஆகவே இந்தக் கருவியே வேண்டாம் என்று வாதிடுவது என் நோக்கமன்று.

இந்தக் கருத்து புதியதும் அன்று. டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்டு கிரப் 1900-ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படையைக் காப்புரிமை செய்தார். பின்னர் போர் விமானங்களின் குறிநோக்கிகளில் அது நெடுங்காலம் பயன்பட்டது. கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் ஏற்ற அளவில், பேட்டரியில் எரியும் எல்இடியோடு அது வந்தது 1975-இல், ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனத்தின் வழியாக. 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த, ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் அமைப்பின் உலகப் போட்டியில், டக் கோனிக் என்ற அமெரிக்க வீரர் செம்புள்ளிக் குறிநோக்கி பொருத்திய கைத்துப்பாக்கியோடு பட்டம் வென்றபோது, விளையாட்டுக்காரர்களின் ஐயம் தீர்ந்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்கத் தரைப்படை எய்ம்பாயின்ட் கருவியை 'எம்68' என்ற பெயரில் பெருமளவில் வாங்கத் தொடங்கியது. இன்று உலகின் பல படைகளில் இது சாதாரணப் பொருளாகிவிட்டது.

பேட்டரியைப் பொறுத்தவரை கட்டுரையின் மதிப்பீட்டோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் துறையில் நடந்திருக்கும் முன்னேற்றம் மெய்யானது. எய்ம்பாயின்டின் காம்ப் எம்4 என்ற கருவி ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 80,000 மணி நேரம், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல், அணைக்காமலேயே எரியும் என்று நிறுவனம் சொல்கிறது. அதன் மைக்ரோ வகைகள் பட்டன் பேட்டரியில் 50,000 மணி நேரம் எரிகின்றன. இந்த எண்கள் நடுத்தர வெளிச்சத்துக்கும் மிதமான வெப்பநிலைக்கும் உரியவை என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உச்சி வெயிலில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினாலும், கடுங்குளிரில் வைத்தாலும் இந்த மணிக்கணக்கு குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு நாளில், எரிந்தாலும் எரியாவிட்டாலும் பேட்டரியை மாற்றிவிடுவது என்ற எளிய ஒழுங்கு இதற்குப் போதுமானது. பேட்டரியே இல்லாமல் பகலில் ஒளியிழையாலும் இரவில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளாலும் ஒளிரும் இஸ்ரேலின் மெப்ரோ 21 போன்ற கருவிகளும் உண்டு. ஆனால் டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால், அலமாரியிலேயே கிடந்தாலும் அந்த ஒளி காலப்போக்கில் பாதியாகிவிடும்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. இந்தக் கருவிகள் இரண்டு வகையில் தவறும். புள்ளி அணைந்துபோவது ஒரு வகை. அது நேர்ந்த அந்த நொடியே சுடுபவருக்குத் தெரிந்துவிடும். அவர் மடக்கி வைத்திருக்கும் பழைய முறை இரும்புக் குறியை நிமிர்த்திக்கொள்வார், அல்லது பேட்டரியை மாற்றுவார், அல்லது சுடாமல் பின்வாங்குவார். இரண்டாவது வகை, புள்ளி பளிச்சென்று எரிந்துகொண்டே இடம் மாறியிருப்பது. அதைச் சுடுபவர் எந்த வகையிலும் அறிய முடியாது. கருவி நன்றாக இருக்கிறது என்று நம்பி, புள்ளியை இலக்கின் மேல் வைத்து, முறைப்படி விசையை அழுத்துவார். குண்டு வேறிடத்துக்குப் போகும். பயிற்சிக் களத்தில் இது வீரரின் குறைபாடாகக் கணக்கில் எழுதப்படும். நடவடிக்கையில் என்னவாக எழுதப்படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அணைந்துபோகும் கருவியைவிட இடம் மாறும் கருவி பன்மடங்கு ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வாங்கும் இடத்தில் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை முதல் வகையைத்தான் தேடுகின்றன.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே சான்று. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஈயோடெக் என்ற நிறுவனம் ஹோலோகிராம் முறையில் இயங்கும் குறிநோக்கிகளைத் தயாரிக்கிறது. இவற்றில் எல்இடிக்குப் பதிலாக ஒரு லேசர் டையோடு இருக்கும். அது கண்ணாடிக்குள் பதிந்த ஹோலோகிராமை ஒளியூட்ட, வட்டமும் நடுவில் புள்ளியும் கொண்ட குறி கண்முன் தோன்றும். மின்சாரச் செலவு அதிகம், சுமார் 1,000 மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும் என்றாலும், கண்ணாடி பாதி உடைந்தாலும் மீதிப் பாதியில் குறி தெரியும் என்ற சிறப்பு இதற்கு உண்டு. அமெரிக்கச் சிறப்புப் படைகளும் பல காவல் அமைப்புகளும் இதை விரும்பி வாங்கின. மைனஸ் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை செயல்படும் என்றும், கண்ணை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குறி இலக்கை விட்டு விலகித் தெரியும் இடமாறு தோற்றப் பிழை வராது என்றும் நிறுவனம் அரசுக்கு உறுதி சொல்லியிருந்தது.

உண்மை வேறாக இருந்தது. குளிரிலும் ஈரப்பதத்திலும் குறி பிறழ்கிறது என்பது 2006 முதலே நிறுவனத்துக்குத் தெரியும் என்று அமெரிக்க அரசு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. அதன்பின் பல ஆண்டுகள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வீரர்கள் அதே கருவிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில், அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தானே சோதித்து, வெப்பநிலை மாறும்போது குறி நகர்வதைக் கண்டுபிடித்து, நிறுவனத்தின் முன் ஆதாரத்தோடு வைத்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் செய்தி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிறப்புப் படைகளின் தலைமையகம் தன் வீரர்களுக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை அனுப்பியது. நவம்பரில், ஈயோடெக்கின் அப்போதைய தாய் நிறுவனமான எல்-3 கம்யூனிகேஷன்ஸ் 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பொதுமக்களில் வாங்கியவர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது.

அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்ட பிறழ்வு இரு பக்கமும் நான்கு நிமிடக் கோணம் அளவுக்கானது. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கே ஒரு நிமிடக் கோணம் என்பதால், கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நிமிடக் கோணம் என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். நான்கு நிமிடக் கோணம் 100 மீட்டரில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 35 சென்டிமீட்டர். பிணைக்கைதிக்குப் பக்கத்தில் நிற்பவரைக் குறிவைக்கும் காவலருக்கு 12 சென்டிமீட்டர் என்றால் என்ன பொருள் என்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிடக் கவலை தருவது, சூட்டிலிருந்தும் குளிரிலிருந்தும் அறை வெப்பநிலைக்குத் திரும்பிய பிறகும் சில கருவிகளில் குறி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பது. திரும்பாத குறியை மறுபடி சுட்டுத்தான் சரிசெய்ய முடியும். சரிசெய்ய வேண்டும் என்பதே தெரியாதபோது யார் சரிசெய்வார்கள்?

இத்தனை பெரிய குறை இத்தனை ஆண்டுகள் வெளியில் தெரியாமல் எப்படி இருந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். விடை அந்தக் கருவி பயன்பட்ட முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலோர் கருவியை ஒரு பருவத்தில் வாங்கி, அதே பருவத்தில் ஜீரோ செய்து, அதாவது குண்டு படும் இடத்தோடு புள்ளியைப் பொருத்தி, ஏறத்தாழ அதே வெப்பநிலையில் ஐம்பது மீட்டருக்குள் சுட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் தொலைவில் நான்கு நிமிடக் கோணம் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. கை நடுக்கம், தோட்டாவின் இயல்பான சிதறல், குழலின் சூடு என்று பல காரணங்களுக்குள் அது மறைந்துகொள்ளும். குளிர்நாட்டின் மலையிலும் பாலைவனத்திலும் ஒரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போன படைவீரருக்கு மட்டுமே அது தெரிய வாய்ப்பிருந்தது. அவருக்கு நின்று ஆராய நேரம் இல்லை.

நடுநிலைக்காக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிறுவனம் அதோடு ஒழிந்துபோகவில்லை. 2018-இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் ஒப்பந்தம் ஒன்று மறுபடியும் அதற்குக் கிடைத்தது. குறையை ஒளித்ததுதான் குற்றம். குறை இருந்ததைக் குற்றமாக நான் கருதவில்லை, ஏனெனில் இயற்பியல் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

அந்த இயற்பியலைச் சற்று விளக்க அனுமதியுங்கள். சிவப்பு லேசர் டையோடின் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அது ஏறத்தாழக் கால் நானோமீட்டர் நீளும். ஹோலோகிராம் ஒளியை வளைக்கும் கோணம் அலைநீளத்தைப் பொறுத்தது. எனவே வெப்பநிலை அறுபது டிகிரி மாறினால் அலைநீளம் 15 நானோமீட்டர் நகரும், குறியும் நகரும். இதை எதிர்ப்பக்கம் தள்ளிச் சமன் செய்ய உள்ளே இன்னொரு கீற்றணியை, அதாவது ஒளியை வளைக்கும் நுண்கோடுகள் கொண்ட தகட்டை, வைக்கிறார்கள். அந்தச் சமநிலை நீடிக்க வேண்டுமானால், உள்ளேயுள்ள ஆடிகளும் கீற்றணிகளும் ஒன்றுக்கொன்று இம்மியும் அசையக் கூடாது. அவற்றைத் தாங்கும் பாகம் ஈரத்தை உறிஞ்சினாலோ, வெயிலில் விரிந்தாலோ, கணக்கு முழுவதும் தவறிவிடும்.

எல்இடி வகையில் அலைநீளத்தால் வரும் சிக்கல் இல்லை, ஏனெனில் ஆடியில் பட்டுத் திரும்பும் கோணம் நிறத்தைப் பொறுத்ததன்று. ஆனாலும் அளவுகள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். ஆடியின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புள்ளி ஒரு நிமிடக் கோணம் நகர்வதற்கு எல்இடி பக்கவாட்டில் வெறும் 7 மைக்ரான் அசைந்தால் போதும். ஒரு தலைமுடியின் தடிமனில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எல்இடியைத் தாங்கும் இருக்கை 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணப் பிளாஸ்டிக்காக இருந்தால், 50 டிகிரி வெப்ப வேறுபாட்டிலேயே அது 8 மைக்ரான் அளவுக்கு விரியும். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விரியும். விலை மலிவான கருவியும் விலை உயர்ந்த கருவியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டிலும் புள்ளி ஒரே சிவப்பில் எரியலாம். வேறுபாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில மைக்ரான்களில் இருக்கிறது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகள் ஏர்கன்னுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படலாம். அவற்றின் விலையை எடுத்துக்காட்டி, அரசு ஏன் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆடி முற்றிலும் பிழையற்றது என்று எண்ணுவதும் தவறு. இடமாறு தோற்றப் பிழை இல்லை என்று எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. எளிய குழியாடி வைத்த கருவிகளில், கண் நடுக்கோட்டை விட்டு விலகிக் கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது புள்ளியின் இடம் சிறிது மாறத்தான் செய்யும். நல்ல நிறுவனங்கள் இரண்டு வில்லைகளை ஒட்டிய கூட்டாடியைப் பயன்படுத்தி இதைக் குறைக்கின்றன. முழுதாக ஒழிப்பதில்லை. ஆகையால் அந்தச் சொல்லை விளம்பரத்தில் கண்டால், எத்தனை மீட்டரில், எவ்வளவு என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

கைத்துப்பாக்கிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காவல் துறையினர் அதிகம் ஏந்துவது அவற்றைத்தான். ரைஃபிளில் குறிநோக்கி ஆயுதத்தின் உடலோடு சேர்ந்து அதிர்கிறது. கைத்துப்பாக்கியில் அது ஸ்லைடு எனப்படும், முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் ஓடி மோதி நின்று, வில்லின் விசையால் முன்னால் வந்து மறுபடி மோதும். இந்த இரட்டை மோதலில் முதலில் களைப்பது கண்ணாடி அன்று. பேட்டரியின் தொடுமுனையும், கருவியைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகுகளும்தான். தொடுமுனை ஒரு கணம் விலகினால் புள்ளி மினுக்கும் அல்லது அணையும். அமெரிக்காவின் டிரிஜிகான் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த ஆர்எம்ஆர் என்ற கருவி, உடலின் உறுதிக்காக உலகெங்கும் புகழ் பெற்றது. அதன் உள் மின்னமைப்பையே ஸ்லைடின் அதிர்வைத் தாங்கும்படி மாற்றி, 2017-இல் இரண்டாம் வகையாக வெளியிட வேண்டியிருந்தது. மேலும், அந்தக் கருவியில் பேட்டரி அடியில் இருப்பதால், அதை மாற்ற வேண்டுமென்றால் கருவியையே கழற்ற வேண்டும். கழற்றி மாட்டினால் குறியை மறுபடி சரிபார்த்தாக வேண்டும். பேட்டரியை மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ மாற்றக்கூடிய கருவிகளை வாங்குவது எவ்வளவு பராமரிப்பு வேலையைக் குறைக்கும் என்பதை, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஆயுதங்களைச் சோதிக்கும் ஆர்மரரைக் கேட்டால் சொல்வார்.

எல்இடி வெளியில் திறந்திருக்கும் கருவிகளுக்கும், முன்னும் பின்னும் கண்ணாடி அடைத்து மூடிய கருவிகளுக்கும் உள்ள வேறுபாடும் நம் மழைக்கால நாட்டில் முக்கியமானது. திறந்த வகையில் எல்இடியின் மேல் ஒரு துளி நீரோ ஒரு சிட்டிகைச் சேறோ விழுந்தால், புள்ளி சிதறும் அல்லது மறையும். இதற்காகவே எய்ம்பாயின்ட் 2019-இல் ஆக்ரோ என்ற மூடிய வகையைக் கைத்துப்பாக்கிக்கென்று கொண்டுவந்தது. முதல் வடிவத்தின் பேட்டரி 15,000 மணி நேரம்தான் தாங்கியது. 2021-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் அது 50,000 மணி நேரமாயிற்று. மிகச் சிறந்த நிறுவனமே முதல் வடிவத்தை இரண்டே ஆண்டுகளில் திருத்த வேண்டியிருந்தது என்றால், புதிதாக வரும் எந்தக் கருவியையும் முதல் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கில் வாங்குவது நல்லதன்று.

இனி நம் நாட்டின் நிலைமைக்கு வருகிறேன். சியாச்சின் பனிமலையில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி வரை இறங்குகிறது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. ஒரே படைப்பிரிவு சில ஆண்டுகளில் இந்த இரண்டு எல்லைகளிலும் பணியாற்ற நேர்வது நம் இராணுவத்தில் அன்றாட நடப்பு. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடக்கும் கருவியின் உடல் காற்றின் வெப்பநிலையைவிட அதிகமாகக் கொதிக்கும். தமிழகத்தின் கடற்கரை மாவட்டங்களில் குளிர் ஒரு பொருட்டன்று. அங்கு எதிரிகள் உப்பும் ஈரமும்தான். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடிக்கும் இடத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த வில்லைகளில் பூஞ்சை படர்வதைப் பணிமனையில் அடிக்கடி கண்டிருக்கிறேன். அது பூச்சையே அரித்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. எஃகுத் திருகும் அலுமினிய உடலும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று அரித்து, திருகு இறுகிப்போய்விடும். சாதாரண அல்கலைன் பேட்டரியை உள்ளே விட்டு மாதக்கணக்கில் ஆயுதக் கிடங்கில் வைத்தால், அது கசிந்து தொடுமுனையைத் தின்றுவிடும். லித்தியம் ஏஏ பேட்டரி விலை கூடுதலாக இருந்தாலும் கசிவது மிகக் குறைவு, மைனஸ் 40 டிகிரியிலும் வேலை செய்யும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பல பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவியை இழக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

இங்கே 'இராணுவத் தரம்' என்ற விளம்பரச் சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மில்-ஸ்டாண்டர்டு 810 என்பது ஒரு சான்றிதழ் அன்று. வெப்பம், குளிர், ஈரம், மணல், அதிர்ச்சி போன்றவற்றை எவ்வாறு சோதிப்பது என்று விளக்கும் வழிமுறைத் தொகுப்பு. எந்தச் சோதனை, எந்த அளவில், சோதனைக்குப் பின் எது தேறியதாகக் கொள்ளப்படும் என்பதையெல்லாம் அதைப் பயன்படுத்துபவரே வகுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் மின்னணுக் கருவிகளுக்கென்று உள்ள ஜேஎஸ்எஸ் 55555 என்ற முப்படைத் தரக்குறிப்பும் அதேபோன்ற சோதனைமுறைகளின் தொகுப்புதான். ஒரு கருவியை மைனஸ் 20 டிகிரியில் வைத்து எடுத்து, வெளியில் கொண்டுவந்து பொத்தானை அழுத்தி, புள்ளி எரிந்ததும் 'தேறியது' என்று எழுதினாலும் அது சோதனைதான். அந்த மைனஸ் 20 டிகிரியிலேயே, கருவி குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும்போதே, கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நிலையாக நிறுத்திய, ஒளியின் திசையை நுட்பமாக அளக்க உதவும் கோலிமேட்டர் வழியாகப் புள்ளியின் திசையை அளந்து, அறை வெப்பநிலையில் அளந்ததோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடக் கோணம் நகர்ந்தது என்று எழுதினாலும் அதுவும் சோதனைதான். ஏட்டில் இரண்டும் ஒரே வரியாக நிற்கும். முதலாவது சோதனையில் ஈயோடெக்கின் கருவிகள் அத்தனையும் தேறியிருக்கும்.

இதைத் தமிழகத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ரைஃபிள்களைத் தயாரிக்கிறது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைக்கிறது. பாதுகாப்புத் துறைச் சோதனைக் கட்டமைப்புகளை உருவாக்க மத்திய அரசு 2020-இல் 400 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய திட்டத்தின் கீழ், ஒளி-மின்னணுக் கருவிகளுக்கான சோதனை மையம் ஒன்றைத் தமிழகத்தில் அமைக்க 2024 ஜூலையில் உடன்படிக்கை கையெழுத்தானது. அரசு நிறுவனமான இந்தியா ஆப்டெல் அதற்குத் தலைமை ஏற்கிறது. செம்புள்ளிக் குறிநோக்கிகள் இந்த மையம் சோதிக்க வேண்டிய கருவிகளின் முதல் வரிசையில் வருபவை. உள்நாட்டுச் சிறு நிறுவனங்கள் பலவும் இவற்றைச் செய்ய முன்வரும் காலம் இது. அவர்களிடம் திறமை இருக்கிறது. மைக்ரான் அளவில் குறியின் நகர்வை அளந்து காட்டும் வசதி அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததில்லை. அந்த வசதி இங்கேயே வருகிறது என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அதனாலேயே மையத்தை அமைப்பவர்களும், மத்திய, மாநிலக் காவல் படைகளுக்குக் கொள்முதல் செய்பவர்களும் கீழ்க்காணும் கோரிக்கையைக் கவனிக்க வேண்டுகிறேன். குறிநோக்கி வாங்கும் எந்த ஒப்பந்தப்புள்ளியிலும், குறைந்த வெப்பநிலையிலும் கூடிய வெப்பநிலையிலும் புள்ளி எத்தனை நிமிடக் கோணம் நகரலாம் என்ற எல்லையை எண்ணாலேயே எழுத வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு நிமிடக் கோணத்துக்கு மேல் விடக் கூடாது. அறை வெப்பநிலைக்குத் திரும்பியதும் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவும் வேண்டும். நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தரும் மாதிரியில் இந்தச் சோதனையை நடத்துவதில் பயன் இல்லை. சரக்கு வந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் வாங்குபவரே எடுத்த கருவிகளில் நடத்த வேண்டும். கைத்துப்பாக்கிக்கான கருவியாக இருந்தால், அது பொருத்தப்படவிருக்கும் அதே துப்பாக்கியில் மாட்டி, ஆயிரக்கணக்கில் தோட்டா சுட்ட பின் மறுபடி அளக்க வேண்டும். பயன்பாட்டுக்கு வந்த பிறகு எந்தப் பிரிவில் குறை தென்பட்டாலும் அதே கருவியை வைத்திருக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் எழுத்தில் தெரிவிக்கும் கடமையை நிறுவனத்தின் மீது ஒப்பந்தத்திலேயே சுமத்த வேண்டும். 2006-க்கும் 2015-க்கும் இடையே அமெரிக்காவில் இல்லாமல் போனது அந்த ஒன்றுதான்.

செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, குறிநோக்கி வந்துவிட்டதால் இரும்புக் குறிகளைத் துப்பாக்கியிலிருந்து நீக்கும் யோசனை எங்கேனும் எழுந்தால் அதை ஏற்கக் கூடாது. இரும்புக் குறி இருந்தால், கண்ணாடி வழியாகவே அதையும் புள்ளியையும் ஒருசேரப் பார்த்து, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று காவலர் பணிக்குக் கிளம்பும் முன் ஒரு நொடியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். புள்ளி இடம் மாறியிருப்பதைச் சுடாமலேயே கண்டுபிடிக்க, களத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் வழி இது ஒன்றே. ஆயுதக் கிடங்கின் பதிவேட்டில் துப்பாக்கியின் எண்ணுக்கு எதிரே குறிநோக்கியின் எண், ஜீரோ செய்த நாள், அன்றைய வெப்பநிலை, பேட்டரி மாற்றிய நாள் ஆகிய நான்கையும் எழுதுவதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை. திருகுகளை முறுக்குவிசைக் கருவியால் குறித்த அளவுக்கு இறுக்கி, தலையிலிருந்து உடல்வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்ததும் கோடு முறிந்து காட்டிவிடும். இவற்றையும் கொள்முதல் நிபந்தனைகளோடு சேர்த்துப் பயிற்சிக் குறிப்பேடுகளில் இடம்பெறச் செய்யுமாறு, தங்கள் நாளிதழின் வாயிலாக உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இராணுவ ஆர்மரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.